காற்றுக்கு எதிரே இருபது கிலோமீட்டர்: நெல்லைச் சீமையில் பேட்டரி சைக்கிள் பயணம்

முதல் நாள், வெள்ளி சாயங்காலம். பாளையங்கோட்டை. 9 கி.மீ.

மொத்தம் எட்டு வண்டி. முன்னால் வழிகாட்டி, கடைசியில் ரிப்பேர் பையோடு இன்னொருவர், நடுவில் ஆறு பேர். வண்டி கைக்கு வந்ததும் ஏறி மிதிக்கத்தான் தோன்றும். அதற்கு முன்னால் இருபது நிமிஷம் வண்டியைப் பார்த்துவிட்டால் அடுத்த மூன்று நாள் நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்காது.

பின் சக்கரத்தின் ஹப்புக்குள் மோட்டார். பேட்டரி 36 வோல்ட், 10.4 ஆம்பியர்-அவர். இரண்டையும் பெருக்கினால் 374 வாட்-அவர். இந்த எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் கணக்கு முழுக்க இதில்தான் இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கிற வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். ஹெல்மெட் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் வண்ணார்பேட்டை ரவுண்டானாவுக்காகவாவது வேண்டும்.

முதலில் பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பூட்டில் முழுசாக உட்காராத பேட்டரி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஒரு நொடி தொடர்பு விட்டுப்போகும், டிஸ்ப்ளே அணைந்து எரியும். மோட்டார் போய்விட்டது என்று பயப்படுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு இந்தப் பூட்டில்தான். அடுத்து பிரேக். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து பெடலைக் கையால் சுற்றினால் மோட்டார் ஓடும். அப்போது பிரேக் லிவரை லேசாகத் தொட்டதும் மோட்டார் நிற்கவேண்டும். லிவருக்குள் இருக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் வேலை செய்யாத வண்டியை எடுக்கவே கூடாது. பிரேக் ஒரு பக்கம் இழுக்க, மோட்டார் ஒரு பக்கம் தள்ளும். டயரில் காற்று 45 பி.எஸ்.ஐ. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 'கல்லு மாதிரி இருக்கு' என்பதெல்லாம் கணக்கில் சேராது, கேஜ் வைத்துப் பாருங்கள்.

விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிற சென்சார்தான் இருக்கும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. அதனால் அரைச் சுற்று மிதித்த பிறகு திடுக்கென்று இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் ஒரு கணம் தள்ளிக்கொண்டே போகும். கூட்டத்துக்குள் இது ஆபத்து. காலி ரோட்டில் பத்து தடவை நின்று கிளம்பினால் கால் பழகிவிடும். அந்தப் பழக்கத்துக்குப் பாளையங்கோட்டை சாயங்காலத் தெருக்களே போதும்.

முருகன்குறிச்சியில் ஊசிக் கோபுரம். மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1826-ல் எழுந்த தேவாலயம். கோபுரத்தின் கூர்மைக்காக ஊர்க்காரர்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. அதற்கும் மூத்தது குளோரிந்தா என்ற பெண்மணி கட்டிய சிறு தேவாலயம், 1785. கோட்டை என்று ஊர்ப் பெயரில் இருக்கிறதே தவிர, மதில் கிடையாது. மேடை போலீஸ் ஸ்டேஷன் கட்டடம் மாதிரிச் சில மிச்சங்கள்தான். பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு ஊமைத்துரையை அடைத்துவைத்திருந்ததும், 1801 பிப்ரவரியில் அவர் தப்பிப்போனதும் இந்தக் கோட்டைச் சிறையிலிருந்துதான்.

இரண்டாம் நாள், சனி. பாலங்கள், டவுன், குறுக்குத்துறை. 19 கி.மீ.

காலை 5.45-க்குக் கிளம்பவேண்டும். ஏழு மணிக்கு மேல் சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று எதையும் பார்க்க முடியாது, பஸ் ஹாரன் தள்ளிக்கொண்டுபோய் அக்கரையில் விட்டுவிடும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் சொந்தக் காசைப் போட்டுக் கட்டி, 1843-ல் திறந்த பாலம். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்தார்கள். அதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்காரர் திருநெல்வேலிக்குப் போக ஓடம்தான் வழி. பாலத்தின் மேலே போகிறவருக்கு வளைவுகள் கண்ணில் படாது. கொக்கிரகுளம் பக்கம் இறங்கி ஆற்றங்கரையில் நின்று பார்த்தால்தான் கல் வளைவுகள் வரிசையாகத் தெரியும். பக்கத்தில் புதுப் பாலமும் இருக்கிறது, படம் எடுக்கிறவர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜங்ஷன் தாண்டினால் ஈரடுக்கு மேம்பாலம். ரயில் பாதைக்கு மேலே 1973-ல் கட்டியது. பஸ்ஸும் லாரியும் மேல் அடுக்கில், இருசக்கர வண்டி கீழ் அடுக்கில். சைக்கிள்காரனுக்கு இதைவிட மரியாதை வேறு எந்த ஊர் செய்தது என்று தெரியவில்லை. டவுனுக்குப் போகிற வழியில் மேடு என்று சொல்ல இந்தச் சரிவு ஒன்றுதான். ஏறத் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி ஏற்றத்தில், பாரம் ஏறிய செயினில் கியரை மாற்றினால் செயின் கழன்றுவிடும். அங்கே நின்றுபோனால் ஏறி மிதிக்கப் பார்க்கவேண்டாம். இறங்கி, டிஸ்ப்ளேயில் கழித்தல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வண்டி நடை வேகத்தில் தானே மேலே வரும். ஏற்றத்தில் பேட்டரி அளவு இரண்டு கோடு இறங்கிக் காட்டும், சமதளத்துக்கு வந்ததும் ஒரு கோடு திரும்ப ஏறும். இழுக்கிற நேரத்தில் வோல்ட் தாழ்வதுதான் காரணம். நின்று ஒரு நிமிஷம் கழித்துக் காட்டுகிற அளவையே நம்புங்கள்.

நெல்லையப்பர் ஹை ரோடு, டவுன் ஆர்ச், அப்புறம் ரத வீதி. இங்கே மோட்டாரின் உதவி அளவை ஒன்றில் வையுங்கள், பூக்கடை முன்னால் பூஜ்யம். மாடு, கைவண்டி, திடீரென்று குறுக்கே கடக்கும் பாட்டி, மூவருக்கும் சென்சாரைப் பற்றிக் கவலை இல்லை.

வண்டி ஒவ்வொன்றும் 22 கிலோவுக்குமேல். படியேற்றிக்கொண்டுபோக முடியாது. நிழலில் சாய்த்து, ஃபிரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துச் சங்கிலி போட்டு, பேட்டரியைக் கழற்றி ஒருவர் காவலிருக்கவேண்டும். கறுப்புப் பேட்டரி வெயிலில் அரைமணி கிடந்தால் தொட முடியாத சூடாகிவிடும், அந்தச் சூடுதான் அதன் ஆயுளைத் தின்கிறது.

கோயிலுக்குள் பார்க்க ஒரு நாள் போதாது. ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் மணிமண்டபத்துக்கு நேரே போங்கள். ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சிறு தூண்களுமாகச் செதுக்கியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு சுரம். தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம், இத்தனை நூற்றாண்டு எல்லாரும் தட்டியதில் கல் வழுவழுத்துக் கிடக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கே. சுவாமி கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் தனித்தனியாக இருந்தவை, நடுவில் சங்கிலி மண்டபம் 1647-ல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. நடந்து பார்த்தால், இரண்டு கோயிலை ஒரு தாழ்வாரம் கோத்த மாதிரித்தான் இருக்கும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.

பாரதியும் வ.உ.சி.யும் படித்த இந்துக் கல்லூரிப் பள்ளிக்கூடம் டவுனிலேயேதான். பிறகு குறுக்குத்துறை. மருத மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்த அந்த ரோட்டில் மோட்டாரையே அணைத்துவிடலாம். ஆற்றுக்குள் நிற்கிற முருகன் கோயில், வெள்ளம் வந்தால் முங்கும், வடிந்தால் கழுவிவிட்டுப் பூசை நடக்கும். வெள்ளத்தைக் கிழிக்கிற மாதிரி முகப்பை ஓடத்தின் மூக்குபோலக் கட்டியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் நின்ற கட்டடம்.

சாயங்காலம் அல்வா. கீழ ரத வீதியில் இருட்டுக்கடை திறப்பதே ஐந்து மணிக்கு மேல்தான். வாங்கிய பொட்டலத்தைப் பேட்டரி மேல் வைத்துக் கட்டாதீர்கள். நெய் உருகி, பையைத் தாண்டி, சார்ஜ் போடும் ஓட்டைக்குள் இறங்கும். அதற்குப் பிறகு எறும்பு வரும்.

இன்று நின்று நின்று போனதில் கிலோமீட்டருக்கு 9 வாட்-அவர் செலவு. பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். அறைக்கு வந்ததும் உடனே சார்ஜில் போடாமல் அரைமணி ஆறவிடவும்.

மூன்றாம் நாள், ஞாயிறு. கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர். போக 20, வர 20.

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பேட்டரி பறக்கும். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று நெல்லைச் சீமை முழுக்க அடிக்கும். காலையில் அடங்கிக் கிடக்கும், பத்து பதினொன்றுக்கு மேல் எழும்பும், சாயங்காலம் வரை நிற்காது. திருச்செந்தூர் ரோட்டில் கிழக்கே போகிறவருக்கு அந்தக் காற்று முதுகில். ஒரு சிரமமும் தெரியாது, பேட்டரி இறங்கவே இல்லையே என்று சந்தோஷமாக இருக்கும். அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

கணக்கு இது. போகும்போது கிலோமீட்டருக்கு 7 வாட்-அவர், 20 கிலோமீட்டருக்கு 140. மிச்சம் 234. டிஸ்ப்ளே அறுபது சதவீதத்துக்கு மேல் காட்டும், வந்த தூரம்தானே திரும்பவும் என்று தோன்றும். ஆனால் திரும்பி வருவது எதிர்காற்றில். கிலோமீட்டருக்கு 16 வரை போகும், 20 கிலோமீட்டருக்கு 320. இருப்பது 234. செய்துங்கநல்லூர் தாண்டி எங்கோ வண்டி இரும்பாகிவிடும். மிதித்தே வந்துவிடலாம் என்றால், 22 கிலோ வண்டியை எதிர்காற்றில் மோட்டார் இல்லாமல் மிதித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஆகவே நடுவில் சார்ஜ். சார்ஜர் 42 வோல்ட், 2 ஆம்பியர். இரண்டு மணி நேரத்தில் 4 ஆம்பியர்-அவர், அதாவது 144 வாட்-அவர் ஏறும். காலையில் செலவழித்தது அப்படியே திரும்பக் கிடைத்தது மாதிரி. முழுசை நெருங்கும்போது ஏறுவது மந்தமாகும், அதனால் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளவும். 320 செலவாகி வீடு வந்து சேர்ந்தால் கையில் ஐம்பத்துச் சொச்சம் மிஞ்சும். அதற்குமேல் தாராளமில்லை.

எங்கே போடுவது? மத்தியானச் சாப்பாட்டுக் கடையில். எட்டு சார்ஜரோடு உள்ளே நுழைந்தால் கடைக்காரர் முகம் மாறத்தான் செய்யும்.

"எட்டு வண்டியா? மீட்டரு ஓடியே போயிருமே அண்ணாச்சி!"

"எட்டுக்கும் சேத்து ரெண்டு யூனிட்டுதான் ஆகும் அண்ணாச்சி. துட்டு தந்துருதோம்."

"அவ்வளவுதானா? அப்பம் போட்டுக்கிடுங்க."

ஒரு சார்ஜர் சுவரிலிருந்து சுமார் 100 வாட் எடுக்கும். எட்டுக்கு 800. இரண்டரை மணி நேரத்துக்கு இரண்டு யூனிட். ஆனால் எட்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகாதீர்கள். அதே லைனில் கடைக்காரர் கிரைண்டரைப் போட்டால் டிரிப் ஆகி, நமக்கும் சார்ஜ் இல்லை, அவருக்கும் மாவு இல்லை. நாலு நாலாக இரண்டு பாயிண்டில் பிரிக்கவும். முதலில் பேட்டரியில் சொருகி, அப்புறம் சுவரில் சுவிட்ச் போடுவது நல்ல பழக்கம். மாற்றிச் செய்தால் சார்ஜர் பின்னின் முனையில் பொறி தட்டும், நாளடைவில் முனை கருகும்.

கிருஷ்ணாபுரம் போகிற வழியில்தான். நடை சாத்துவதற்குள், எட்டு மணிக்கே வந்துவிடுங்கள். வேங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலம், 16-ம் நூற்றாண்டு. சாமி கும்பிட்டுவிட்டு வீரப்ப நாயக்கர் மண்டபத்தில் நில்லுங்கள். இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவன் ஒரு தூணில், இளவரசனைத் தூக்கிக்கொண்டு போகிற குறத்தி இன்னொரு தூணில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிற்பியின் குறும்பு புரியும். கர்ணன் கையில் நாகாஸ்திரம். முழங்கைக்குக் கீழே ஓடும் நரம்பையும், விரலில் நகத்தையும் பக்கத்தில் நின்று பாருங்கள். டார்ச் கொண்டுபோனால் நேரே அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கவும், நரம்பு நிழல் விழுந்து எழும்பும்.

அங்கிருந்து செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாக ஆதிச்சநல்லூர். ரோட்டோரத்திலேயே அந்தப் பரம்பு. நெல் விளையாத சரளை மேடு. கீழே ஆறு, வயல், வாழை. விளைகிற நிலத்தைத் தொடாமல் விளையாத மேட்டில் செத்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள், பாறையைக் குடைந்து, தாழியை இறக்கி. 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் தங்க நெற்றிப்பட்டம், வெண்கலம், இரும்பு எல்லாம் வெளிவந்து, பெரும்பகுதி எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. 2004-05 அகழாய்வில் 160-க்கு மேல் தாழிகள். இப்போது அகழாய்வுக் குழிக்கு மேலேயே கண்ணாடித் தரை போட்டுத் தளக் காட்சியகம் வைத்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழி தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லைச் சோதித்ததில் கி.மு. 1155 என்று காலம் வந்தது. கார் சாகுபடிக்கு நாற்று நட்டிருக்கும் வயலோரமாக மிதித்து வந்துவிட்டு இதைக் கேட்கும்போது ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

பரம்பின் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம், சரளையில் டயர் வழுக்கவும் செய்யும்.

ஸ்ரீவைகுண்டம் இன்னும் கிழக்கே கொஞ்ச தூரம்தான், பார்த்துவிடலாமே என்று யாராவது கேட்பார்கள். கிழக்கே ஒரு கிலோமீட்டர் கூடினால் எதிர்காற்றில் ஒரு கிலோமீட்டர் கூடும். வழிகாட்டி மறுத்துவிடவேண்டும். நவதிருப்பதிக்குத் தனியாக இரண்டு நாள் வையுங்கள், ராத்திரி ஆழ்வார்திருநகரியில் தங்கி, நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளியைப் பார்த்துவிட்டு விடியக்காலம் காற்றடங்கின நேரத்தில் திரும்பலாம்.

திரும்பும்போது ஒற்றை வரிசை. முன் வண்டிக்குப் பின்னால் ஒட்டி வந்தால் காற்று குறையும், பின் வண்டிகளுக்குச் செலவும் குறையும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னால் போகிறவர் மாறவேண்டும், இல்லாவிட்டால் வழிகாட்டியின் பேட்டரிதான் முதலில் தீரும். உதவி அளவு மூன்றில் வைத்து 20 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆசைப்படாமல், இரண்டில் வைத்து 15-ல் வாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தைவிட வேகமாக வளரும். அவசரத்துக்குக் குட்டியானை வண்டிக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். நாலைந்து சைக்கிளைப் படுக்காமல் நிறுத்திக் கட்ட அதில் இடமுண்டு.

நான்காம் நாள், திங்கள். பத்தமடை, சேரன்மகாதேவி. போக வர 40 கி.மீ.

இன்று மேற்கே. விடியக்காலம் காற்று எழும்பாத நேரத்தில் எதிர்த்திசைப் பாதி, மத்தியானம் முதுகில் காற்றோடு மறுபாதி. ஒரே தூரம்தான், நேற்றைவிடச் செலவு குறைவு. நேரத்தைச் சரியாக வைத்ததால் மட்டுமே. மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், மேலச்செவல் வழி.

சங்கடம் இங்கே முள். கன்னடியன் கால்வாய்க் கரையில் நிழலாக இருக்கிறதே என்று இறங்கினால் சீமைக் கருவேல முள் டயரைத் துளைக்கும். பஞ்சர் ஆவது பெரும்பாலும் பின் சக்கரம், அதில்தான் மோட்டார். அதைக் கழற்றாதீர்கள். 18 எம்.எம். ஸ்பேனர் போட்டு அச்சு நட்டை அவிழ்த்து, மோட்டார் வயரை உருவி, வாஷர்களை வரிசை மாறாமல் எடுத்து, திரும்ப மாட்டும்போது அச்சு சுழலாமல் பிடிக்கிற வாஷரைத் தப்பாக வைத்தால், மோட்டார் இழுக்கும்போது அச்சே திரும்பி வயரை அறுத்துவிடும். சக்கரம் வண்டியிலேயே இருக்கட்டும்.

கைப்பிடிகளுக்கு அடியில் இரண்டு ஜோடிச் செருப்பை வைத்து, டிஸ்ப்ளே தரையில் படாமல் வண்டியைத் தலைகீழாக நிறுத்தவும். செயினுக்கு எதிர்ப்பக்கம் டயரின் விளிம்பை மட்டும் லிவரால் நெம்பி, டியூபை ஒரு முழம் வெளியே இழுக்கவும். காற்றடித்து, தூக்குச்சட்டித் தண்ணீரில் பகுதி பகுதியாக முக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி ஐந்து நிமிஷம் காயவிடவும். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஒட்டுத் துண்டை வைத்து அமுக்கவும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வெயிலேறினதும் கழன்றுவிடும். பவுடர் இல்லையென்றால் கோயிலில் கொடுத்த திருநீறை அதன் மேல் தூவினால் போதும், டியூப் டயரில் ஒட்டாது.

டியூபைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்கு முன்னால் ஒரு வேலை, இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கருவேல முள்ளின் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே இருக்கும். பழைய துணியை டயரின் உள்பக்கம் சுற்றித் துடைத்தால் துணி மாட்டுகிற இடத்தில் முள். வெறும் விரலால் தடவினால் விரல்தான் கிழியும். குறடால் பிடுங்காமல் மாட்டினால் இரண்டு கிலோமீட்டரில் இன்னொரு பஞ்சர், அதே இடத்தில்.

பத்தமடையில் பாய். தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையைக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, நுனி நகத்தால் கிழித்த மாதிரி மெல்லிய இழையாக்குகிறார்கள். சாதாரணப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் வித்தியாசம் இந்தக் கிழிப்பில். இழை மெல்லிசாக ஆக ஆக ஒரு பாய்க்கு நாள் கூடும். கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேரையும் நெய்து தருவார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பாய். நெய்கிற வீடுகளுக்குள் கூட்டமாக நுழையாமல், இரண்டிரண்டு பேராக, கேட்டுவிட்டுப் போகவும். தறி இருக்கும் அறை சின்னது.

சேரன்மகாதேவி கைலாசநாதர் கோயில் நவகைலாசத்தில் ஒன்று. படித்துறையில் கால் நனைத்துவிட்டு ஒரு மணிக்குள் கிளம்பிவிடலாம். முதுகில் காற்று, மோட்டார் ஒன்றில், வண்டி தானே உருண்டு வருகிறது.

வாங்கிய பாயைச் சுருட்டி கேரியரில் குறுக்கே கட்டாதீர்கள், பஸ் உரசிக்கொண்டு போகும். ஃபிரேமின் மேல் குழாயோடு நீளவாக்கில் இரண்டு இடத்தில் கயிறு போட்டு, பிரேக் வயரையும் மோட்டார் வயரையும் சேர்த்து இறுக்காமல் கட்டவும். கட்டி முடித்ததும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.